அரை மணி நேரத்து முட்டை

டப்பாவிலிருந்த மலத்தில் பட்டாணி அளவு மரக்குச்சியின் நுனியில் எடுத்துக் காகிதத்தில் வைத்தாள். அதன்மேல் நைலான் சல்லடைத் துண்டை அழுத்தி, தட்டைக் குச்சியால் பக்கவாட்டில் வழித்தாள். நாரும் தோலும் விதையும் சல்லடைக்கு அடியில் தங்கிவிட, மேலே கசிந்து வந்தது மட்டும் குச்சியில் ஏறியது. கண்ணாடித் தகட்டின் நடுவே ஓட்டை போட்ட அட்டை காத்திருந்தது. ஓட்டையை விளிம்பு வரை நிரப்பி, மீறியதை ஒரே இழுப்பில் சமன் செய்து, அட்டையைத் தூக்கினாள். குலையாத சின்ன வட்டமாக அது தகட்டில் நின்றது. கிளிசரினில் ஒரு நாள் முழுக்க ஊறிய பச்சைச் செல்லோபேன் துண்டை இடுக்கியால் எடுத்துப் போர்த்தி, தகட்டைக் கவிழ்த்து, வழவழப்பான ஓட்டின்மேல் வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினாள். வட்டம் பரந்தது. அதன் வழியாகச் செய்தித்தாளின் எழுத்தைப் படிக்க முடிந்தால் அழுத்தியது போதும் என்று அர்த்தம். படித்துப் பார்த்தாள். பிறகு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து, தகட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த துண்டுத்தாளில் பென்சிலால் எழுதினாள்: ஏழு நாற்பது.

எந்த நேரத்தில் அழுத்தினோம் என்று எழுதிவைக்கும்படி அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

தீவில் ஆஸ்பத்திரி என்று சொல்வது இரண்டு அறையைத்தான். முன்னறையில் டாக்டரின் மேஜை. டாக்டர் புதன்கிழமை காலைப் படகில் வந்து சாயங்காலப் படகில் திரும்பிவிடுவதால் அவருக்குப் புதன் டாக்டர் என்றே பெயர். பின்னறையில் ஒரு தொட்டி, ஒரு கிழக்கு ஜன்னல், ஜன்னலடி மேஜையில் ஒரு மைக்ரோஸ்கோப். விளக்கு இல்லாத பழைய வகை. அடியில் உள்ள சின்னக் கண்ணாடி வெயிலை வாங்கி மேலே அனுப்பும். மேகம் மூடினால் வேலை நின்றுபோகும். இந்தப் பின்னறையில் இருபத்திரண்டு வருடமாக நிற்பவளை ஊர் பூச்சி அக்கா என்று கூப்பிட்டது. பணியாளர் பட்டியலில் அவள் துப்புரவுப் பணியாளர்.

அவளைக் கண்டால் ஊருக்கு ஒரு கூச்சம், ஒரு கிண்டல். கடையில் கூட்டமாக இருந்தால், அக்காவை முதலில் அனுப்பு, நம்முடைய உள்விவகாரம் எல்லாம் தெரிந்தவர் என்று யாராவது வழிவிடுவார்கள். படகுக்காரன் ஒருவன் அவளிடம் எகிறிப் பேசியபோது, உன் வயிற்றுக்குள் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று இங்கேயே சொல்லட்டுமா என்று கேட்டாள். அன்றிலிருந்து அவன் அவளுக்குப் படகில் நிழலுள்ள பக்கமாக இடம் ஒதுக்கினான்.

வேலைக்குச் சேர்ந்தபோது பின்னறையில் படித்த டெக்னீஷியன் ஒருவர் இருந்தார். அவர் பார்த்து முடித்த தகடுகளை மறுநாள் காலையில் கழுவிவைப்பது அவள் வேலை. கழுவுமுன் ஒவ்வொன்றையும் மைக்ரோஸ்கோப்பில் வைத்து ஒரு தடவை பார்ப்பாள். பார்த்துவிட்டுப் பதிவேட்டைத் திறந்து, அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று ஒப்பிடுவாள். உருளைப்புழு முட்டை தடித்த பழுப்புச் சட்டை போட்டிருக்கும். சாட்டைப்புழு முட்டை இரண்டு பக்கமும் மூடி போட்ட பீப்பாய். இந்த இரண்டும் அவர் எழுதிய இடத்தில் எழுதிய எண்ணிக்கைக்குக் கிட்டத்தட்ட இருந்தன. ஆனால் கொக்கிப்புழு என்று அவர் எழுதிய தகடுகளில் எத்தனை தேடினாலும் ஒன்றும் இல்லை. மனிதர் இல்லாததை இருக்கிறதென்று எழுதித் தள்ளுகிறார் என்று நினைத்தாள். இரண்டு மாதம் அவரைப் பொய்யர் என்றே நினைத்து, அவர் முகத்தைப் பார்க்கவே சங்கடப்பட்டாள்.

ஒருநாள் அவர் எழுந்து டீ குடிக்கப் போனதும் தகடு சூடு ஆறுமுன் கண்ணை வைத்தாள். இருந்தது. மெல்லிய ஓடு, நீள்வட்டம், உள்ளே நான்கு உருண்டைகள். ஒன்று, இரண்டு என்று எண்ணினாள், பதினாறு முட்டை. மத்தியானம் போய்ப் பார்த்தாள், மூன்று. மறுநாள் காலையில் கழுவும்போது பார்த்தாள், சுத்தம். கிளிசரின் மலத்தைத் தெளியவைத்துக்கொண்டே போகும். தெளியவைக்கிற வேகத்தில் மெல்லிய ஓடுள்ள இந்த முட்டையையும் சேர்த்துக் கரைத்துவிடும். அரை மணிக்குள் பார்த்தால் உண்டு. பிறகு பார்த்தால் இல்லை. அவருக்கு இது தெரிந்திருந்தது. அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு மனதுக்குள் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

அவர் மாற்றலாகிப் போனார். அடுத்தவர் வருவார் என்றார்கள். பதினோரு வருடமாகிறது. புதன் டாக்டர் ஒருநாள் யாரிடம் அனுப்புவது என்று தெரியாமல் ஒரு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, நான் பார்க்கிறேன் என்று அவள் வாங்கினாள். அதற்குப்பின் அவரும் கேட்கவில்லை, அவளும் விளக்கவில்லை.

இத்தனை தெரிந்தவள் தன் வீட்டில் கோட்டைவிட்டாள்.

மகன் கப்பலில் வேலை செய்பவன்; எட்டு மாதத்துக்கு ஒருமுறை வருவான். அவன் கட்டிக்கொண்டு வந்த பெண் பக்கத்துத் தீவைச் சேர்ந்தவள். வந்த வருடம் வாயும் கையும் ஓயாத பெண்ணாக இருந்தாள். வீட்டில் சும்மா உட்காரமாட்டேன் என்று கருவாட்டுக் களத்துக்கு வேலைக்குப் போனாள். இரண்டாம் வருடம் ஆள் மாறினாள். நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கினாள். அடுப்பில் உலை கொதிப்பது தெரியாமல் சுவரில் சாய்ந்து தூங்கினாள். யாரும் பார்க்காதபோது சுவர்ச் சுண்ணாம்பைப் பெயர்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

என் பையன் ஒரு தூக்க மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான் என்று பூச்சி அக்கா பக்கத்து வீட்டில் சொன்னாள். மருமகள் காதில் விழட்டும் என்றுதான் கொஞ்சம் உரக்கச் சொன்னாள்.

ஒரே ஒரு தடவை, நாளைக்கு ஒரு டப்பாவில் கொண்டுவா, பார்த்துவிடலாம் என்று கேட்டாள். மருமகள் வெட்கத்தில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"ஏன் அத்தை, நீங்க போட்ட சோத்தைச் சாப்பிட்டுட்டு, அதை உங்க கையிலயே திருப்பிக் குடுக்கச் சொல்றீங்களா?"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்போடு அந்தப் பேச்சு முடிந்துபோனது. மாமியாரும் மருமகளும் சேர்ந்து சிரித்தது அந்த வருடத்தில் அந்த ஒரு தடவைதான்.

மருமகள் அப்போது மாசமாக இருந்தாள். ஏழாம் மாதம் வலி எடுத்தது. படகில் அக்கரைக்குக் கொண்டுபோனார்கள். குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. தாயின் ரத்தம் ஐந்தில் நின்றது. பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து. பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல், வீட்டில் யாருமே இந்தப் பெண்ணைக் கவனிக்கவில்லையா என்று கேட்டாள். பூச்சி அக்கா கையில் ஃபிளாஸ்க்கோடு நின்றுகொண்டிருந்தாள்.

திரும்பி வந்தபிறகு மருமகளே ஒரு டப்பாவைப் பின்னறை மேஜையில் வைத்துவிட்டுப் பேசாமல் போனாள். தகட்டில் நூற்று எண்பத்தேழு எண்ணினாள். ஒரு கிராமுக்கு எத்தனை என்று தெரிய இருபத்துநாலால் பெருக்க வேண்டும். பெருக்கினாள்: நாலாயிரத்து நானூற்று எண்பத்தெட்டு. இத்தனை முட்டைக்குப் பின்னால் குடல் சுவரைக் கொக்கியால் பிடித்துத் தொங்கி ரத்தம் குடிக்கும் புழு இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாததில்லை. பதிவேட்டில் பெயர் எழுதாமல், பெண், வயது இருபத்துமூன்று என்று மட்டும் எழுதினாள். மூன்றைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது.

புதன் டாக்டர் கொடுத்த பூச்சி மாத்திரையும் சத்து மாத்திரையும் வேலை செய்தன. மருமகள் தேறினாள், மறுபடி களத்துக்குப் போனாள். ஐந்து மாதம் கழித்துப் பார்த்தபோது தகட்டில் மறுபடியும் அறுபது. வீட்டில் கழிப்பறை இருக்கிறது, தரை சிமெண்ட், தண்ணீர் கொதித்த தண்ணீர். கொக்கிப்புழு ஈர மண்ணிலிருந்து வெறுங்கால் தோல் வழியாக ஏறுவது; அப்படியென்றால் இது வீட்டில் ஏறவில்லை. அடுத்த நாள் பூச்சி அக்கா களத்துக்குப் போனாள்.

களத்து வாசலில் நாற்பது ஜோடிச் செருப்பு வரிசையாக நின்றது. தீவில் செருப்பில்லாமல் தெருவில் நடக்கும் பெண் ஒருத்தியும் கிடையாது. அது கௌரவப் பிரச்சினை. ஆனால் களத்துக்காரர் சுத்தத்தில் கறாரானவர். மனிதர்கள் வாயில் வைக்கிற பொருள் காயும் இடத்தில் செருப்புக் கால் படக்கூடாது. வாசலில் கழற்றி, தொட்டித் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். பெண்களும் அதில் ஒரு பெருமையோடு இருந்தார்கள். மற்றத் தீவுகளின் சரக்கு மணல் கடிக்கும், எங்கள் சரக்கில் ஒரு மணல் இருக்காது என்றார்கள்.

களத்தில் கழிப்பறை இல்லை. வீட்டுக்குப் போய்வர நேரமும் இல்லை. கொட்டகைக்குப் பின்னால் புதர் நிழல். வெறுங்காலோடு அங்கேதான் போவார்கள். போய் வந்து, சுத்தமாக மறுபடி காலைக் கழுவுவார்கள். கழுவிய தண்ணீர் சரிவில் வடிந்து அதே புதரடிக்குத்தான் போகிறது. கடல் தண்ணீராக இருந்தாலாவது உப்பில் புழு செத்திருக்கும். இது கிணற்று நல்ல தண்ணீர். நிழல், ஈரம், மணல், நாற்பது ஜோடி வெறுங்கால். பூச்சி அக்கா அந்த மணலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு பாடுபட்டு, இவ்வளவு சுத்தமாக, புழுவுக்கு ஒரு வீடு கட்டிவைத்திருந்தார்கள்.

களத்துக்காரரிடம் செருப்பைப் பற்றிப் பேசிப் பார்த்தாள். அவர் மரியாதையாகத்தான் கேட்டார். உங்கள் கண்ணாடியில் தெரிவது எனக்குத் தெரியாது அக்கா, சரக்கில் மணல் இருந்தால் அது எல்லோருக்கும் தெரியும் என்று சொல்லி அனுப்பினார். கழிப்பறை அரசாங்கம் கட்டினால் இடம் தருவதாகவும் சொன்னார்.

களத்துப் பெண்கள் நாற்பத்தொரு பேரிடம் டப்பா வாங்கினாள். முப்பத்துமூன்றில் கொக்கிப்புழு. அக்கரைச் சுகாதார அலுவலகத்துக்கு எழுதினாள்: வருடம் இரண்டு முறை மாத்திரை, களத்தில் ஒரு கழிப்பறை, உள்ளே போட்டுக்கொள்ள மட்டும் என்று தனிச் செருப்பு. மூன்று கடிதம் போனது. மூன்றாவதற்குப் பதில் வந்தது. தகுதியற்ற பணியாளரின் பரிசோதனை முடிவை ஏற்க இயலாது; எனினும் தொற்றுக்கான காரணங்கள் குறித்துத் தீவில் முறையான கணக்கெடுப்பு நடத்தப்படும்.

அந்த எனினும் என்ற சொல்லையே அவள் நாலைந்து தடவை படித்தாள். மருமகள் அப்போது மறுபடி மூன்று மாதம்.

கணக்கெடுப்புக்கு ஓர் அதிகாரியும் கேள்வித்தாள் கேட்கும் பெண்ணும் வந்தார்கள். கேள்வித்தாள்காரிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தீவுக்குத் தீவு நடந்து நடந்து கால் வெடித்தவள். வாசலில் நின்று கேட்டாள்: செருப்பு இருக்கிறதா, வீட்டில் கழிப்பறை இருக்கிறதா, போய் வந்ததும் கை கழுவுவீர்களா. இருக்கிறது, இருக்கிறது, கழுவுவோம். கூடப்போன பூச்சி அக்கா பொறுக்க முடியாமல், செருப்பை எங்கே கழற்றிவைக்கிறார்கள் என்றும் கேளுங்கள் என்றாள்.

"அக்கா, நீங்க சொல்றது புரியுது. ஆனா இதுல அதுக்குக் கட்டம் இல்ல."

கட்டம் இல்லாததால் அந்தப் பதில் எங்கும் ஏறவில்லை.

தகடு செய்யப் பூச்சி அக்காவையே வைத்தார்கள். அதிகாரி அவள் கையைப் பார்த்து, என் ஆட்கள்கூட இவ்வளவு சீராகச் செய்வதில்லை என்று மனதாரப் புகழ்ந்தார். ஆனால் பார்ப்பது அக்கரையில், தகுதியுள்ள டெக்னீஷியன், மறுநாள் காலையில். தகடுகள் பெட்டியில் அடுக்கி மத்தியானப் படகில் போகும். கேட்டதும் அவள் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்துவிட்டாள்.

"சார், கொக்கிப்புழு முட்டை நாளைக்கு வரைக்கும் இருக்காது. அரை மணி, மிஞ்சிப்போனா ஒரு மணி. இங்க ஜன்னல் கிட்டயே பாத்துடலாம்."

"எங்கம்மா போயிடும்? ரெக்கை முளைச்சுப் பறந்துடுமா?"

"கரைஞ்சிடும் சார். உருளைப்புழு முட்டை ஆறு மாசம் ஆனாலும் அப்படியே இருக்கும். இது நிக்காது."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட ஏதாவது பேசியிருக்கலாம். பையிலிருந்து வழிமுறைப் புத்தகத்தை எடுத்துப் பக்கம் புரட்டி, தகடுகளைப் பாதுகாத்துப் பின்னர் பரிசோதிக்கலாம் என்ற வரியை விரலால் காட்டினார். கொக்கிப்புழு நீங்கலாக என்று தொடங்கும் அடுத்த வரியைப் படியுங்கள் என்று அவள் சொன்னாள். அதற்குள் அவரைப் படகுக்காரன் கூப்பிட்டுவிட்டான்.

மூன்று நாளில் இருநூற்றுப் பத்துத் தகடு. ஒவ்வொன்றையும் எப்போதும்போல அழுத்தி, எழுத்துத் தெரிகிறதா என்று பார்த்து, நேரம் எழுதித்தான் கொடுத்தாள். தப்பாகப் போகப்போகிறது என்று தெரிந்த வேலையை அரைகுறையாகச் செய்ய அவளுக்கு வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை டாக்டர் அறிக்கையைக் கொண்டுவந்தார். செருப்பு அணிவோர் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. வீட்டில் கழிப்பறை எண்பத்தெட்டு. உருளைப்புழு நூற்றுக்கு ஆறு. கொக்கிப்புழு இல்லை. இத்தீவு மக்களின் சுகாதாரப் பழக்கங்கள் பாராட்டத்தக்கவை என்று ஒரு வரி. அதன்படி மாத்திரைப் பட்டியலிலிருந்து தீவு நீக்கப்படுகிறது. களத்தில் கழிப்பறைக்குத் தேவை எழவில்லை. கூடவே தனித்தாளில் இன்னொரு உத்தரவு: தகுதியற்ற பணியாளர் கையாண்டுவரும் மைக்ரோஸ்கோப்பை அடுத்த புதன்கிழமை அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும்.

டாக்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, நீங்கள் எழுதிய கடிதம்தான் இந்த வம்பை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது என்றார். பிறகு, அலமாரியில் மாத்திரை எத்தனை இருக்கிறது என்று கேட்டார். இருபது இருந்தது. இனி வராது.

மருமகளுக்கு அன்று ஐந்து மாதம். ரத்தம் ஏழு. போன தடவை இதே ஐந்தாம் மாதத்தில் எவ்வளவு இருந்தது என்று யாருக்கும் தெரியாது; யாரும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து பூச்சி அக்கா அறிக்கையை மருமகளிடம் படித்துக் காட்டினாள். நாளையிலிருந்து களத்துக்குப் போகாதே என்றாள். மருமகள் மீன் நாற்றம் போகக் கையை எலுமிச்சைத் தோலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் நின்னுடுறேன். வீட்ல உக்காந்தா தூக்க மூட்டைன்னு சொல்லுவீங்களே, பரவாயில்லையா?"

பூச்சி அக்காவுக்குச் சுருக்கென்றது. அந்தச் சொல்லை மருமகள் இத்தனை நாளாக எங்கேயோ பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள்.

"சொன்னது தப்புதான்."

"தப்புன்னு நீங்க சொல்லி என்ன பண்றது அத்தை? களத்துல இப்ப என்னோட சேத்து நாலு பேர் மாசமா இருக்கோம். அவங்களுக்கெல்லாம் பூச்சி பாக்கற மாமியாரா இருக்காங்க?"

 சோறு போட்டுக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் களத்துப் பெண்கள் முப்பத்தெட்டுப் பேர் நின்றார்கள். வேலைக்குப் போகும் வழியில் வந்தவர்கள். காலில் செருப்பு, இடுப்பில் சொருகிய முந்தானை, கையில் மூடிபோட்ட டப்பா. மருமகள் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறாள். முன்னால் வந்து தன் டப்பாவை மேஜையில் வைக்காமல் மாமியார் கையிலேயே கொடுத்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னோடது அத்தை. பேர் எழுதியிருக்கேன். கூச்சத்தையெல்லாம் போன தடவை குழந்தையோட சேத்துப் புதைச்சாச்சு."

பின்னால் நின்ற பருத்த பெண் ஒருத்தி, என்னுடையதைக் கொஞ்சம் மரியாதையாகப் பாருங்கள் அக்கா, நேற்று விருந்துச் சாப்பாடு என்றாள். சிரிப்பு எழுந்து சீக்கிரமே அடங்கியது.

ஒரு நாளைக்கு எட்டுப் பேர் என்று பிரித்துக்கொண்டாள். மற்றவர்கள் அவரவர் நாளில் புதிதாகக் கொண்டுவர வேண்டும். எட்டுத் தகட்டையும் பத்து நிமிட இடைவெளியில் அழுத்தினாள். ஒவ்வொன்றையும் அரை மணியில் ஒருமுறை எண்ணினாள். அதே தகட்டை மூன்று மணி நேரம் கழித்து, அதாவது படகு அக்கரை சேரும் நேரத்தில், ஒருமுறை எண்ணினாள். மறுநாள் காலையில், அக்கரையில் டெக்னீஷியன் நாற்காலியை இழுத்து உட்காரும் நேரத்தில், மூன்றாம் முறை எண்ணினாள். அடுத்த நாள் எட்டுக்கும் பழைய எட்டுக்கும் நடுவே கழுத்தைத் திருப்ப நேரமில்லை. சனிக்கிழமை மேகம் போட்டது. கண்ணாடியை இப்படியும் அப்படியும் சாய்த்து, கிடைத்த வெளிச்சத்தில் முடித்தாள். கடைசி ஆறு பேரைத் திங்கட்கிழமை பார்த்தாள்.

தாளில் கோடு போட்டுக் கட்டம் வரைந்தாள். பெயர் இல்லை, எண் மட்டும். அரை மணி, மூன்று மணி, மறுநாள். எண் ஒன்று, மருமகள்: தொண்ணூற்றாறு, பதினொன்று, பூஜ்யம். எண் இருபத்திரண்டு: நூற்று முப்பது, இருபத்தாறு, இரண்டு. அந்த இரண்டு அவளைத் தொந்தரவு செய்தது. முப்பத்தெட்டில் அந்த ஒரே தகட்டில் மட்டும் மறுநாளும் இரண்டு முட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் பூஜ்யம் என்று போட்டுவிட்டால் வரிசை முழுக்கச் சுத்தமாக இருக்கும், யாருக்கும் தெரியப்போவதில்லை. மறுபடி பார்த்தாள். இருந்தது. இரண்டு என்றே விட்டாள்.

மொத்தம் இருபத்தொன்பது பேருக்குக் கொக்கிப்புழு. அக்கரை போய்ப் பார்த்திருந்தால் ஒருத்திக்கு. கடைசியில் கேள்வித்தாளில் இல்லாத கட்டங்களையும் அவளே வரைந்து சேர்த்தாள்: செருப்பைக் கழற்றும் இடம், வேலை நேரத்தில் ஒதுங்கும் இடம், கால் கழுவிய தண்ணீர் வடியும் இடம், ஒரு நாளில் வெறுங்காலோடு நிற்கும் நேரம். களத்தில் வேலை செய்யாத பெண்கள் பத்துப் பேருடையதையும் ஒப்பிடுவதற்காகப் பார்த்திருந்தாள். அதில் ஒருத்திக்குத்தான் இருந்தது. பதினோரு தாள் வந்தது. கடைசித் தாளின் அடியில் தன் பெயரையும் பதவியையும் எழுதினாள். துப்புரவுப் பணியாளர் என்பதில் ஒரு எழுத்தும் விடவில்லை.

புதன்கிழமை காலை டாக்டரைப் பிடித்து, புதிதாக அழுத்திய ஒரு தகட்டில் கண் வைக்கச் சொன்னாள். டாக்டர் குனிந்தார். நெடுநேரம் குனிந்தபடியே இருந்தார். நிமிர்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, இருக்கிறது என்றார். கையெழுத்துப் போடுவீர்களா என்று தாளை நீட்டினாள்.

"பாத்தேன்னு யார் கேட்டாலும் வாயால சொல்றேன். பேப்பர்ல வேண்டாம்மா. எனக்கு ரிட்டயராக இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு."

அவர் கெட்டவர் இல்லை. இருபது மாத்திரையையும் அன்றே கொடுக்கச் சம்மதித்தார். மாசமாக இருக்கும் நால்வருக்கு முதலில், மீதியை எண்ணிக்கை அதிகமுள்ளவர்களுக்கு. யார் முதல், யார் கடைசி என்று அவளே வரிசை போட்டாள். பள்ளிக்கூடத்தில் வாங்காத முதலிடத்தை இதில் வாங்கிவிட்டேன் என்று எண் இருபத்திரண்டு சிரித்துக்கொண்டே விழுங்கினாள். ஒன்பது பேர் வெறுங்கையோடு களத்துக்குத் திரும்பினார்கள். இருபது பேரும்கூட அதே களத்துக்குத்தான் திரும்பினார்கள். வாசலில் செருப்பைக் கழற்றியிருப்பார்கள்.

அதிகாரி பதினொரு மணிக்கு வந்தார். மைக்ரோஸ்கோப்பை மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டி மேஜைமேல் தயாராக வைத்திருந்தாள். அதைத் திறக்கச் சொல்லி, லென்சுகளை எண்ணி, கண்ணாடியைத் துடைத்துப் பார்த்து, இத்தனை பழைய கருவியை நன்றாகவே வைத்திருக்கிறீர்கள் என்றார். ரசீதுப் புத்தகத்தைத் திறந்து எழுதினார். அவள் பெட்டியை மறுபடி பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, மறுகையால் பதினோரு தாளை நீட்டினாள். அவர் முதல் தாளைப் பார்த்தார், கடைசித் தாளைப் பார்த்தார்.

"இதை நான் எப்படிம்மா வாங்கிக்கறது? தகுதியுள்ள கையெழுத்து இல்லையே. தபால்ல அனுப்புங்க, அலுவலகத்துல பாப்பாங்க."

"தபால்ல மூணு அனுப்பிட்டேன் சார். ரசீதுல ஒரு வரி சேத்துக்குங்க. மைக்ரோஸ்கோப் ஒண்ணு, தாள் பதினொண்ணு."

"அதுக்கு இதுல இடம் இல்ல."

"கீழ இருக்கே சார்."

முன்னறையில் டாக்டர் நோட்டைப் புரட்டும் சத்தம் நின்றது. அதிகாரி வாசல் பக்கம் பார்த்தார். படகுக்காரன் மணிக்கட்டைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். பூச்சி அக்கா நகரவில்லை. சாவியை மூடிய கையும் திறக்கவில்லை. அவர் பெருமூச்சு விட்டுப் பேனாவைத் திறந்து எழுதி, ரசீதைக் கிழித்துக் கொடுத்தார்.

அவள் ஜன்னல் வெளிச்சத்தில் அதைப் படித்தாள். மைக்ரோஸ்கோப் ஒன்று, தாள்கள் என்று இருந்தது. ரசீதைத் திரும்ப மேஜைமேல் வைத்து, தாள்கள் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் விரலை வைத்துக் காட்டினாள். அவர் பதினொன்று என்று எழுதினார். பிரதியிலும் எழுதச் சொன்னாள். எழுதினார்.

பிறகு தாள்களை ஓரம் தட்டிச் சேர்த்து, முதலில் அவற்றைக் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டபின் சாவியைக் கொடுத்தாள்.